ஒன்றுகூட மிச்சம் வைக்காமல்

"லாரி வருது மதர்" என்றுதான் சிஸ்டர் ஜோதி ஆரம்பித்தாள்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் ஜன்னலோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார் மதர் சந்தனமேரி. அந்தக் கன்னியர் மடத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வெளியே திராட்சைப் பந்தல்களின் கம்பிகள் விசிலடித்தன. கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, எந்த லாரி, யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டார்.

ஜோதி சூடானிலிருந்து பேசினாள். அந்த நாட்டின் மேற்கு மூலையில், போர் ஒவ்வொரு ஊராகத் தின்றுகொண்டு வந்த பாதையில் இருந்தது அவள் நடத்திய மருத்துவமனை. நிவாரண அமைப்பு ஒன்றின் கடைசி லாரி ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறதாம். ஒரு மணி நேரத்தில் வாசலுக்கு வருமாம். கன்னியர் இருவருக்கும் இடம் உண்டு. டிரைவர் காத்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு வண்டி எதுவும் இல்லை.

"வரலாமா மதர்?"

அனுப்பிய இடத்தை விட்டுக் கிளம்ப மேலாளின் வார்த்தை வேண்டும். கீழ்ப்படிவோம் என்று ஆண்டவரிடம் வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இந்தச் சின்னச் சபைக்கு இந்த மடம்தான் தலைமை, மதர் சந்தனமேரிதான் மேலாள். துப்பாக்கி வெடிக்கும் ஊரில் நிற்கிற ஒருத்தி, உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே திராட்சைக் காட்டுக்குள் இருக்கிற ஒரு மாடிப்படியிடம் அனுமதி கேட்டது அதனால்தான்.

"வாங்க. ரெண்டு பேரும் உடனே கெளம்புங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பல மாதம் சேர்த்து வைத்த மூச்சு. ஜோதி அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"பேழையில நற்கருணை இருக்கு மதர். என்ன செய்யட்டும்?"

மதர் சந்தனமேரி மேலாள் ஆவதற்கு முன் இருபது வருடம் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. யோசிக்கவே தேவையில்லாத பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"அப்படியே விட்டுட்டு வரக்கூடாது, தெரியும்ல? ரெண்டு பேருமா உட்கொண்டுட்டு வாங்க. ஒண்ணுகூட மிச்சம் வைக்காம."

"சரி மதர்."

லைன் அறுந்தது.

பூசையில் மந்திரம் சொல்லி உயர்த்தியபின் அந்த மெல்லிய வெள்ளை அப்பம் வெறும் அப்பம் இல்லை. அது ஆண்டவரே. பீடத்தில் ஒரு பேழைக்குள் வைத்துப் பூட்டி, பக்கத்தில் அணையா விளக்கு ஏற்றி வைப்பார்கள். மடத்தை மூடிவிட்டுப் போகிறவர்கள் அதை அனாதையாக விட்டுப் போகக் கூடாது. யாரோ ஒருவன் பூட்டை உடைத்துக் கீழே கொட்டி மிதிப்பான். அதனால் உட்கொண்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஜோதி இதை மதரிடம்தான் கற்றாள், பதினெட்டு வயதில், இதே மடத்தில்.

கீழ்ப்படியில் நின்றிருந்த சிஸ்டர் அமலி மெதுவாகக் கேட்டாள். அமலிதான் மடத்தின் கணக்கு, போன், வெளிவேலை எல்லாம் பார்ப்பவள்.

"மதர், அங்க இருந்த ஃபாதர் ஊரை விட்டுப் போறப்ப, ஜனங்களுக்கு ஆகும்னு ரெண்டு பெரிய பாத்திரம் நெறைய வச்சிட்டுப் போனதா ஜோதிக்கா சொன்னாகளே. இப்ப ஜனமும் போயிருச்சு. அது பூராவுமா?"

மதரின் கை மாடிப்படிக் கம்பியிலேயே நின்றது.

ஒரு அப்பம் என்றால் காகிதம் மாதிரி. நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். ஆனால் இரண்டு பாத்திரம் நிறைய என்றால் நூற்றுக்கணக்கில் இருக்கும். அங்கே குடிதண்ணீருக்கு அளவு வைத்துவிட்டார்கள் என்று போன வாரம்தான் ஜோதி சொன்னாள். எச்சில் ஊறாத வாயும் காய்ந்த தொண்டையுமாக இரண்டு பெண்கள். அவர்களில் மூத்தவரான சிஸ்டர் அடைக்கலம் சர்க்கரை நோயாளி. ஒரு மணி நேரத்தில் லாரி.

மதர் திரும்ப அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழைத்தார். மறுபடியும் அதே. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்தார். பட்டனை அழுத்திய விரல் வெளுத்துப் போயிருந்தது.

"ஜோதி, அதை விட்டுரு. கையில எடுக்க முடிஞ்சா எடு, இல்லைன்னா அப்படியே விட்டுட்டு வா. எதுக்காகவும் நிக்காத. விட்டுட்டு கெளம்பி வா. இது என் உத்தரவு."

வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்வோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

செய்திக்குக் கீழே ஒரே ஒரு சாம்பல் டிக் விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

*

அன்று சனிக்கிழமை. அதனால் மதியத்துக்கு முன்பே ராஜாத்தி வந்துவிட்டாள்.

ராஜாத்தி ஜோதியின் அம்மா. குச்சனூர் பக்கத்தில் நாலு ஏக்கர் விவசாயம். ஜோதியின் சொந்தப் பெயர் நாகஜோதி. மடத்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வந்த பெண், பள்ளிக்கூடம் முடித்த கையோடு கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன் என்று நின்றாள். அப்பா கருத்தக்கண்ணன் சாகும்வரை அவளோடு பேசவில்லை. ராஜாத்திதான், ஏதோ ஒரு சாமியிடம்தானே போகிறாள், எவன் வீட்டிலோ அடிவாங்கவா போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சூடானில் சண்டை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் குச்சனூர் சனீஸ்வரர் கோவிலில் எள் விளக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து பஸ் மாறி மடத்துக்கு வருவாள். லைன் கிடைத்தால் மகளின் குரலைக் கேட்பாள். கிடைக்காவிட்டால் உட்கார்ந்துவிட்டுப் போவாள். தூக்குச்சட்டியில் சாமிக்குப் படைத்த எள்ளுச் சாதம் இருக்கும். வயதான சிஸ்டர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதைச் சாப்பிடுவார்கள்.

லாரி விஷயத்தை மதர் சொன்னார். அதை மட்டும் சொன்னார்.

ராஜாத்தி தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அமலியிடம் போனை வாங்கி, திராட்சை லோடு ஏற்றிக்கொண்டிருந்த மகன் பாண்டியராஜனைப் பிடித்தாள்.

"ஏலே, ஒங்கக்கா வாராடா. அந்தக் கட்டிலத் தட்டிப் போட்டு வையி. ஒஞ்சட்டையெல்லாம் அதுலதான கெடக்கு."

போனை வைத்துவிட்டு மதரிடம் திரும்பினாள்.

"நான் எங்காளுக்கு வெளக்குப் போட்டுட்டேன் மதர். நீங்க ஒங்காளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திருங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் லாரி விட்டிருக்காக."

அமலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதரும் சிரிக்க முயன்றார். இந்தப் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே மடத்துக் கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார். பீடத்தில் பேழை பூட்டியிருந்தது. விளக்கு எரிந்தது. முதல் தடவையாக அந்தப் பூட்டைப் பார்த்து அவருக்குப் பயமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் லாரியில் வந்த மலையாளி நர்ஸ். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வளர்ந்த அமலிக்கு மலையாளம் தெரியும். அவள்தான் வாங்கிப் பேசினாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த நிறம் இறங்கியது. ஒரு சிஸ்டர்தான் வந்திருக்கிறார், வயதானவர், பத்திரமாக இருக்கிறார் என்று மட்டும் மதரிடம் திருப்பிச் சொன்னாள். பிறகு போனை நீட்டினாள்.

சிஸ்டர் அடைக்கலத்தின் குரல் யாரோ கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போல வந்தது.

"அவ வாயி நெறைய இருந்துச்சு மதர். பேச முடியல. கையக் காட்டிப் போங்கன்னா."

அவ்வளவுதான். அதற்கு மேல் அழுகை, அதற்கு மேல் இரைச்சல், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராஜாத்தி எழுந்து வந்தாள். லாரி அவசரப்பட்டுக் கிளம்பிவிட்டது, ஜோதியால் ஏற முடியவில்லை, அடுத்த வண்டிக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார் மதர். பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அடுத்த வண்டி என்று ஒன்று கிடையாது என்பது அந்த மடத்தில் ராஜாத்தியைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

*

அந்த ஊர் மறுநாளே துப்பாக்கிக்காரர்கள் கைக்குப் போனது. டி.வி.யில் ஒரு வரியாக ஓடியது. ஊரின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் மதர் செய்யாதது எதுவுமில்லை. பிஷப்பைப் பார்க்க ஆயர் இல்லத்துக்குப் போனார். டெல்லிக்குப் போன் போட்டார். உதவி எண்ணில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாகப் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் கேட்டு, மேடம், அந்தப் பகுதியில் நம்மவர்கள் யாரும் இல்லை என்று சொன்னாள். இருக்கிறாளே என்றார் மதர். குறித்துக்கொள்கிறோம் என்றாள் அந்தப் பெண். பாண்டியராஜன் பைக்கை எடுத்துக்கொண்டு தேனிக்கும் மதுரைக்கும் அலைந்தான். எல்லா வாசலிலும் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். ஒருவருக்கும் செய்ய ஒன்றுமில்லை.

மடத்தில் செபமாலை நிற்கவில்லை. இரண்டு இரண்டு பேராக மாற்றி மாற்றி உட்கார்ந்து சொன்னார்கள்.

தினமும் காலையில் பூசை வைக்க வரும் பங்குச் சாமியாரிடம் மதர் ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது முறை? அவர் இளைஞர், நல்லவர். உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். "கையோட கொண்டு போகலாம் மதர். முடியலைன்னா விட்டுட்டுப் போகலாம். நமக்காகத் தன்னையே குடுத்தவரு அவரு. தனக்காக ஒரு உயிரைக் கேப்பாரா?"

மறுநாள் பூசையில் அவர் "கிறிஸ்துவின் உடல்" என்று நீட்டிய அப்பத்தை மதர் நாக்கில் வாங்கினார். விழுங்க முடியவில்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டை மூடிக்கொண்டது. ஒரு அப்பம்தான். அது தானாகக் கரையும்வரை, கடைசிப் பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும், வாயை மூடிக்கொண்டு முழந்தாளில் இருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். நாற்பது வருடமாகப் பசிக்கிற குழந்தை மாதிரி வாங்கியதை, இப்போது தண்டனை மாதிரி வாங்கினார்.

யாரிடமும் சொல்லவில்லை. மேலாள் இதை யாரிடம் சொல்வது?

*

சிஸ்டர் அடைக்கலம் கடல் வழியாகவும் வான் வழியாகவும் சுற்றி ஒருவழியாக மதுரைக்கு வந்து இறங்கினார். அழைத்து வர மதர் கிளம்பியபோது பாண்டியராஜன் நண்பனின் வேனை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பின் ஸீட்டில் ராஜாத்தி முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். எம்மகளைக் கடைசியாகப் பார்த்த கண்ணு, நானும் பாக்கணும் என்றாள். மதரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

விமான நிலையத்தில் அடைக்கலத்தை அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாகிவிட்டிருந்தார். கையில் ஒரு பை. பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், அது காலி. அதைத் தூக்கிப் போடச் சொன்னால் கேட்கவில்லை.

உசிலம்பட்டியில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். கையில் பிடித்துக்கொண்டிருந்தாரே தவிர குடிக்கவில்லை. குடிக்கச் சொல்கிறீர்களா மதர் என்று கேட்டார். குடிங்க என்றார் மதர். மருந்து மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து, ரோட்டோரம் இறங்கி அதையே வாந்தி எடுத்தார்.

வேன் ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கும்போது ராஜாத்தி அவர் முதுகைத் தடவியபடி கேட்டாள். ரொம்ப சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எம்மக எதுக்கு சிஸ்டரு ஏறல? கூட்டமா?"

முன் ஸீட்டில் மதர் திரும்பினார். அதற்குள் அடைக்கலம் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

"மதர் சொன்னபடிதான் ஆரம்பிச்சோம். மொதப் பாத்திரத்த ரெண்டு பேருமா முடிச்சிட்டோம். இருந்த தண்ணி அதுலயே காலி. ரெண்டாவதுல எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. ஓங்கரிச்சுக்கிட்டு வருது. வாந்தியா வந்துட்டா அது பெரும் பாவமாச்சேன்னு பயம். ஜோதிதான், நீங்க போதும்க்கா, போயி லாரிய நிறுத்துங்க, மதர் சொன்னத முடிச்சிட்டு வாரேன்னா. டிரைவரு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். வெடிச்சத்தம் பக்கத்துல வந்திருச்சு. நான் வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன். பீடத்துக்கிட்ட முட்டி போட்டு, கை நெறைய அள்ளி வாயில வச்சிருக்கா. கன்னம் ரெண்டும் உப்பியிருக்கு. கண்ணுல தண்ணியா ஊத்துது. கைய ஆட்டி, போ, போங்குறா. லாரிக்காரன் என்னைத் தூக்கிப் போட்டுக்கிட்டு எடுத்துட்டான்."

வேன் கொஞ்ச தூரம் போனது. பாண்டியராஜன் ஓரங்கட்டினான். கணவாய்க் காற்று வண்டியை ஆட்டியது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"என்னத்த முடிச்சிட்டு வாரேன்னா?" என்றாள் ராஜாத்தி.

மதர் சொன்னார். எதையும் குறைக்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார். பேழை என்றால் என்ன, அப்பம் என்றால் என்ன, ஜோதி என்ன கேட்டாள், தான் என்ன சொன்னேன், எத்தனை இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை என்பது, பிறகு மாற்றிச் சொன்ன உத்தரவு இன்றுவரை போய்ச் சேரவில்லை என்பது.

ராஜாத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை.

"அவளுக்கு எட்டு வயசு இருக்கும். நான் வாரவரைக்கும் மடையப் பாத்துக்க, நகரக்கூடாதுன்னு சொல்லிட்டு அவுக அப்பா சின்னமனூருக்குப் போயிட்டாரு. மனுசன் மறந்துட்டாரு. பொழுது அடையிறவரைக்கும் முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தா. காலெல்லாம் வெளுத்துப் போச்சு. அப்பிடி ஒரு புள்ளகிட்டப் போயி, ஒண்ணுகூட மிச்சம் வைக்காதன்னு சொன்னீகளா மதர்?"

மதர் தலையை அசைத்தார்.

"நான் குச்சனூர்ல வெளக்க ஏத்திட்டு, எரியிறவரைக்கும் எரியட்டும்னு விட்டுட்டுப் பஸ் ஏறிடுறேன். எங்க சாமி தன்னத் தானே பாத்துக்கிருது. ஒங்க சாமிக்கு எம்மகளா காவலு?"

மதர் மடியில் இருந்த கைபேசியைப் பார்த்தார்.

பாண்டியராஜன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எறங்குங்கன்னு சொல்லிருப்பேன். அந்த வயசான சிஸ்டருக்காகத்தான் ஓட்டுறேன்."

மடத்து வாசலில் கன்னியர் இருவரையும் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

*

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் வந்தன, போயின. ராஜாத்தி வரவில்லை.

சிஸ்டர் அடைக்கலம் உத்தரவு இல்லாமல் எதையும் செய்வதில்லை என்று ஆகிவிட்டது. படுக்கச் சொன்னால் படுப்பார். எழச் சொன்னால் எழுவார். தட்டில் சோறு ஆறிக் கிடக்கும். சாப்பிடச் சொல்லுங்க மதர், சாப்பிடுறேன் என்பார். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல மதருக்குப் பயமாக இருந்தது. சொன்னால் இவர் செய்துவிடுவார். சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் எங்கே போய் யாரை நிறுத்தும் என்று யார் கண்டது? மற்ற சிஸ்டர்கள் வந்து, மதர், ஹாஸ்டலுக்கு அரிசி வாங்கட்டுமா, தோட்டத்துக்குத் தண்ணீர் விடட்டுமா என்று கேட்டால்கூட, உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார். மதருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

உத்தரவு சொல்வது நின்றுவிட்டாலும் கைபேசி அவர் கையை விட்டு இறங்கவில்லை. அந்த ஒற்றைச் சாம்பல் டிக்கைத் திறந்து பார்ப்பார். மூடுவார். மறுபடி திறப்பார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, எதுவும் நடக்காதது போலத் தூக்குச்சட்டியோடு ராஜாத்தி வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் நல்லெண்ணெய் வாசம். அமலி ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒங்க மூஞ்சியப் பாக்க வரல தாயி. போனு இங்கனதான இருக்கு" என்றாள் ராஜாத்தி.

மதர் வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். கைபேசி நடுவில் இருந்த மேஜையில் கிடந்தது. வெளியே யாரோ பந்தலில் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்டது.

தற்செயலாகத்தான் அமலி கைபேசியை எடுத்தாள், சார்ஜ் போட. எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மதர். போயிருச்சு."

இரண்டு டிக். மதரின் குரல் பதிவு போய்ச் சேர்ந்திருந்தது. சேர்ந்தது மட்டுமில்லை. பக்கத்தில் இருந்த சின்ன மைக் படம் நீலமாகியிருந்தது.

"கேட்டிருக்காங்க மதர். யாரோ போட்டுக் கேட்டிருக்காங்க."

ராஜாத்தி எழுந்தாள். தூக்குச்சட்டி சாய்ந்து எள்ளுச் சாதம் தரையில் சிதறியது. மதர் போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். அறுபதைத் தாண்டிய பெண்மணி ஓடுகிற ஓட்டம் இல்லை அது. அழைத்தார். மணி போனது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அந்தப் போன் உண்மையாகவே அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது மெஷின் குரல்.

"யாரு மதர்? எம்மகதானா?"

ஜோதியாக இருக்கலாம். பூட்டை உடைத்தவனாக இருக்கலாம். போனை எடுத்தவன் ஒரு புரியாத பாஷையில் ஏதோ கிழவி பேசுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அணைத்திருக்கலாம். எப்படித் தெரியும்? பின்னாலேயே ஓடி வந்த ராஜாத்தி மதரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவதான. அவதான் கேட்டிருக்கா. தமிழ்ல சொன்னத வேற எவன் கேப்பான்?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மதருக்கு அது உறைத்தது.

ஜோதிதான் என்று வைத்துக்கொண்டால், அவள் இத்தனை நாள் எங்கோ மறைந்து உயிரோடு இருந்திருக்கிறாள். யாரோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு கொட்டகையில், அரைபட்டினியோடு ஆனால் உயிரோடு. இன்று எப்படியோ போனுக்கு உயிர் கொடுத்திருக்கிறாள். கேட்ட முதல் குரல் மேலாளின் குரல். எதுக்காகவும் நிக்காத. விட்டுட்டு கெளம்பி வா. இது என் உத்தரவு.

லாரி இருந்த நாளில் சொன்ன உத்தரவு. இன்று லாரி இல்லை. சாலை முழுக்கத் துப்பாக்கி. ஆனால் ஜோதி சொன்னால் சொன்னபடி செய்வாள். மடையில் நின்றவள். இரண்டாவது பாத்திரத்தையும் முடிக்க நின்றவள். இந்நேரம் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருப்பாள். கதவைத் திறந்துகொண்டிருப்பாள்.

"அக்கா நடந்து கெளம்பிருவாங்களே மதர்" என்று அமலியும் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜாத்தி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. அவள் பெற்ற பிள்ளை.

"வேண்டாம்னு சொல்லுங்க. இருக்கிற எடத்துலயே இருன்னு சொல்லுங்க."

மதர் பட்டனில் விரலை வைத்தார். இருக்கிற இடம் எப்படிப்பட்ட இடம்? அங்கே இருந்தால் பிழைப்பாளா? இன்று இரவு அந்த இடத்துக்கே அவர்கள் வந்தால்? இரு என்று சொல்லி, அவள் இருந்து செத்தால்? வா என்று சொல்லி, வந்து செத்தால்? உன் விருப்பம்போலச் செய் என்று சொன்னால் அது ஜோதிக்குப் புரியாது. அப்படி ஒரு வார்த்தையை இந்த மடம் அவளுக்குக் கற்றுக் கொடுக்கவே இல்லை. மதரே கற்றுக் கொடுக்கவில்லை.

ஆண்டவரே என்று உள்ளுக்குள் கூப்பிட்டார். கோவிலின் பேழை பூட்டியிருந்தது. அந்தப் பக்கமிருந்து எந்த உத்தரவும் வரவில்லை.

"சொல்லுங்க மதர்." ராஜாத்தியின் பிடி இறுகியது. முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "நான் சொன்னா அவ கேக்க மாட்டா. அவுக அப்பா சொல்லியே கேக்கல. நீங்க சொன்னாத்தான் செய்வா. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

மதர் பட்டனை அழுத்தினார். திரையில் சிவப்பாகப் பதிவு ஓட ஆரம்பித்தது. வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில் இல்லை. காலையில் வாங்கிய அப்பம் இன்னும் அங்கேயே இருப்பது போலத் தொண்டை மூடிக்கொண்டது.

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. பந்தல் கம்பிகள் விசிலடித்தன. அது மட்டும்தான் பதிவானது.

விரல் வழுக்கியது. செய்தி போனது.

ஒற்றைச் சாம்பல் டிக்.